ஜாரிங்கா, டிஎம்நெட்டா, ஹாட்மெயிலா?

1999இல் பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருந்த எங்கள் அச்சகத்துக்கு இணையம் எடுக்கலாம் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எது மலிவு?" மிமோஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் நடத்திய ஜாரிங் இணையச் சேவை 1992 முதலே இருந்தது. டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் 1996இல் போட்டிக்கு வந்தது. அப்போது இணையம் போன் லைன் வழியாகத்தான்: ஜாரிங்குக்கு 1511 சுழற்ற வேண்டும், டிஎம்நெட்டுக்கு 1515. இரண்டிலும் இணையக் கட்டணம் தனி, போன் கட்டணம் தனி. கடைக்கு இருந்ததோ ஒரே லைன். பகலில் இணையத்துக்குள் போனால் ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு டோன்தான். அதனால் கடை சாத்தியபிறகு அரைமணி நேரம் மட்டும். அவ்வளவு குறைவாகப் பயன்படுத்தும்போது யார் மலிவு என்பது பெரிய விஷயமாகவே இல்லை. டிஎம்நெட் எடுத்தோம். வேகத்தில் யார் மேல் என்று சொல்லும் அளவுக்கு நான் ஜாரிங் பயன்படுத்தியதில்லை.

நான் உண்மையில் மண்டையை உடைத்துக்கொண்டது மின்னஞ்சல் முகவரிக்குத்தான். இணைப்போடு டிஎம்நெட் முகவரி ஒன்று கிடைக்கும். ஹாட்மெயில் இலவசம்; விளம்பரம் காட்டிச் சம்பாதித்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் பேனர் மின்னும் முகவரியைக் கடைக்கு வைத்தால் மரியாதையாக இருக்குமா என்று அப்பாவுக்குத் தயக்கம்.

அது நியாயமான தயக்கம்தான். ஹாட்மெயிலில் இடமும் வெறும் 2 எம்பி. தமிழில் எழுதி அனுப்பினால், எதிர்ப்பக்கம் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் இல்லாதவர்களுக்குக் கிறுக்கலாகத் தெரியும். அதனால் கல்யாணக் கார்டு மாதிரியைப் படமாகவே அனுப்புவோம். நாலைந்து படம் வந்து போனாலே பெட்டி நிறைந்துவிடும், உட்கார்ந்து அழிக்க வேண்டும். நீண்ட நாள் திறக்காமல் விட்டால் கணக்கே முடங்கிவிடும்.

இருந்தாலும் ஹாட்மெயில்தான் என்று நின்றேன். காரணம், கல்யாணக் கார்டின் பின்பக்கம் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் போடுவோமே, அந்த ஒற்றை வரி. நாங்கள் செய்த விளம்பரத்தில் பலன் தந்தது அதுதான். கார்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஆல்பத்தோடு அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதில் இணைய நிறுவனம் தந்த முகவரியை அச்சடித்துவிட்டு, நாளைக்கு ஐந்து ரிங்கிட் மலிவு என்று வேறு நிறுவனத்துக்கு மாறினால், ஊரெல்லாம் போன கார்டுகளில் இருக்கும் முகவரி செத்துப்போகும். ஹாட்மெயில் என்றால் லைனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நாங்களும் மாற்றினோம்: 2001க்குப் பிறகு டெலிகோமின் பிராட்பேண்டான ஸ்ட்ரீமிக்ஸ், அப்புறம் ஃபைபர். ஜாரிங் 2015இல் மூடியேவிட்டது.

காசு கொடுத்துப் பேனர் போடுவதையும் ஒரு தளத்தில் மூன்று மாதம் முயன்று பார்த்தோம். அதைப் பார்த்து வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. ஒரே முறைதான் போட்டோம் என்பதால் பேனரே வீண் என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குக் கார்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். கூடவே தன் கல்யாணக் கார்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மஞ்சள் கறை படிந்த மூலையில் எங்கள் ஹாட்மெயில் முகவரி.