கல்வியியல் துறையின் சாதனை எது: தரவரிசையா, நிதியா, புகழா, வகுப்பறையா?

நாலைந்து பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகள் வெளியிடும் ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்துப் படித்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம். தரவரிசையில் இத்தனை இடம் முன்னேறியிருக்கிறோம், இவ்வளவு ஆய்வு நிதி வந்திருக்கிறது, எங்கள் பேராசிரியருக்கு விருது கிடைத்திருக்கிறது, எங்களிடம் படித்தவர்கள் நல்ல நல்ல பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். செய்திகள் இந்த நாலு வகைக்குள் அடங்கிவிடும். வரிசைகூடப் பெரும்பாலும் இதேதான்.

ஆசிரியர் பயிற்சிக்கு இடம் தேடுகிறவரும், அங்கே படித்தவர்களை வேலைக்கு எடுக்கப்போகும் தலைமையாசிரியரும் இந்த நாலில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது? மருத்துவக் கல்லூரி என்றால் அதன் மருத்துவமனையைப் போய்ப் பார்த்துவிடலாம். கல்வியியல் துறையின் வேலை பலிப்பதோ வேறு யாருடைய பள்ளியிலோ, சில வருடங்கள் கழித்து. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. என் கணக்கில் அந்த வரிசையைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ஆனால் கடைசி வகையையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தரவரிசையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. லண்டன் யூ.சி.எல். கல்வி நிறுவனம் க்யூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலின் கல்விப் பிரிவில் 2014 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்தது. நல்ல நிறுவனமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் பார்ப்பது மற்ற பல்கலைக்கழகத்தாரிடையே உள்ள மதிப்பு, வேலை தருவோரிடையே உள்ள பெயர், கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது போன்றவற்றை. அங்கே பயின்ற ஒருவர் பின்னக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எந்தப் பட்டியல்காரரும் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கல், எண்களைத் தருவது அந்தந்தத் துறையே என்பது. அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2022இல் தன் ராஸ்ஸியர் கல்வியியல் பள்ளியை யூ.எஸ். நியூஸ் என்ற செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலிலிருந்து தானே விலக்கிக்கொண்டது. முனைவர் பட்டச் சேர்க்கை எவ்வளவு கடினம் என்று கேட்ட இடத்தில், ஆய்வு நோக்கிலான பிஎச்.டி. மாணவர்களின் கணக்கு மட்டும் பல ஆண்டுகளாகப் போயிருந்தது. எட்.டி. எனப்படும் இன்னொரு முனைவர் படிப்பில் சேர்ந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. பல்கலைக்கழகம் வெளியாரை வைத்து விசாரித்தபோது இது 2013 வரை பின்னோக்கிப் போனது தெரியவந்தது. வகுப்பறையில் எதுவும் மாறாமலே பட்டியலில் இடம் மாறலாம் என்றால், அந்த இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நிதி அதைவிடக் கொஞ்சம் மேல். வெளியிலிருந்து யாரோ விண்ணப்பத்தைப் படித்து, இதற்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது ஒரு சோதனையைத் தாண்டி வந்த செய்தி. ஆனாலும் அது விதை வாங்கிய செய்தி; விளைந்ததா என்பதை ஐந்தாறு வருடம் கழித்து யாரும் அதே பெரிய எழுத்தில் போடுவதில்லை. இதில் சங்கடமான பக்கம் ஒன்றும் உண்டு. பெரிய நிதி பெற்ற பேராசிரியர் பெரும்பாலும் கற்பித்தல் பணியிலிருந்து விலக்குப் பெறுகிறார். பயிற்சி மாணவர்களோடு பள்ளிக்குப் போகிறவர் பகுதிநேர ஊழியராக இருப்பதும் உண்டு. பணம் பெருகப் பெருக, பயிற்சி பெறுகிறவருக்கும் பெயர்பெற்றவருக்கும் நடுவில் தூரமும் கூடலாம்.

பேராசிரியரின் புகழ், அவர் தந்த கருத்து, அதற்குக் கிடைத்த விருது என்ற மூன்றாம் வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏமாறவும் இதில்தான் வாய்ப்பு அதிகம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896இல் அங்கே, கல்விக் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கினார். பாடத்திட்டத்தை நோக்கங்களிலிருந்து தொடங்கி வடிவமைக்க வேண்டும் என்று வகுத்த ரால்ஃப் டைலர் அங்கே இருந்தார். பெஞ்சமின் ப்ளூமும் அங்கேதான். பி.எட். படித்த யாரும் ப்ளூமிடமிருந்து தப்பியிருக்க முடியாது: அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்று பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை வலித்திருக்கும். 1956இல் வெளிவந்த அவருடைய கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு இன்றும் உலகெங்கும் வினாத்தாள்களை ஆள்கிறது. புகழை வைத்து அளந்தால் இதற்கு நிகரான கல்வியியல் துறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தத் துறையை மூடிவிடுவது என்று 1997இல் முடிவானது. 2001இல் மூடியும் விட்டார்கள். அங்கே நடக்கும் ஆய்வின் தரம் சீராக இல்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். டூயி தொடங்கிய பள்ளி மட்டும் இன்றைக்கும் நடக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று, பெரிய தத்துவம் எதுவும் பேசாமல், நகரத்துப் பள்ளிகளின் பதிவேடுகளை வருடக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தது. பள்ளிப்படிப்பை யார் முடிப்பார்கள், யார் பாதியில் நிற்பார்கள் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஓரளவு சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். அளவுகோல் எளிது: அந்த வருடம் முடியும்போது போதுமான பாட அலகுகளைத் தேறியிருக்க வேண்டும், முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்றிருக்கக் கூடாது. இப்படித் தடத்தில் இருக்கும் மாணவர் நான்கு ஆண்டுகளில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, தடம் மாறியவரைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் என்று 2005 அறிக்கை சொன்னது. எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இது சரியாகக் கணித்தது.

இதன் அழகு என்னவென்றால், ஆசிரியருக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கிறது. ‘இந்தப் பிள்ளை படிக்காது’ என்று பொதுவாகப் புலம்புவதை விட்டுவிட்டு, அக்டோபரில் இயற்கணிதத்தில் விழுந்துகொண்டிருக்கும் இந்தப் பதினேழு பேரைப் பார் என்று பட்டியல் வருகிறது. நகரத்துப் பள்ளிகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. தடத்தில் இருந்தவர்கள் 2007இல் 57 சதவீதம், 2013இல் 82. இந்த உயர்வு முழுவதையும் ஆய்வாளர்கள் கணக்கில் எழுதிவிட முடியாது, உழைத்தது பள்ளிகள். ஆனாலும் ப்ளூமின் பெயர் தெரிந்த ஆசிரியர்களில் நூற்றில் ஒருவருக்காவது இந்தக் கூட்டமைப்பின் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

புகழின் இன்னொரு ஆபத்து, கருத்து அதைச் சொன்னவரின் கையை விட்டுப் போய்விடுவது. ஹார்வர்டின் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் பன்முக அறிவுத்திறன் பற்றி, அதாவது அறிவுத்திறன் ஒன்றல்ல, பல வகை என்று எழுதினார். அது பயிற்சி வகுப்புகளுக்குள் நுழைந்து, ‘இந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும் வகை, அந்தப் பிள்ளை கேட்டுக் கற்கும் வகை’ என்று பிரிக்கும் வழக்கத்தோடு கலந்துவிட்டது. நான் சொன்னது அது இல்லை என்று 2013இல் கார்ட்னரே எழுத வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பயிற்சி ஏடுகளில் ஏறிவிட்டது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் 1981இல் தொடங்கிய வாசிப்பு, எழுத்துத் திட்டம் இன்னும் கடினமான பாடம். ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போன திட்டம் அது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், சூழலை வைத்து ஊகி என்று பிள்ளைகளைப் பழக்கியதற்காக, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். திட்டத்தினரே 2022இல் பாடங்களைத் திருத்தினார்கள். 2023இல் கல்லூரி அந்தத் திட்டத்தைக் கலைத்தது. நாற்பது ஆண்டுகள் சாதனை என்று எண்ணப்பட்ட ஒன்று இப்படி முடிந்தது.

அதற்காகக் கருத்துகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பாலும் அவர் குழுவினரும் செய்த வேலையைப் பாருங்கள். கணிதம் தெரிவதும் கணிதம் கற்பிக்கத் தெரிவதும் ஒன்றா என்பது அவர்கள் கேள்வி. 35ஐ 25ஆல் பெருக்க மூன்று மாணவர்கள் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் விடை 875. ஒருவர் 175ஐயும் 700ஐயும் கூட்டியிருக்கிறார். இன்னொருவர் 25, 150, 100, 600 என்று நாலு துண்டாக்கிக் கூட்டியிருக்கிறார். மூன்றாமவர் 125க்குக் கீழே 75ஐ ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி எழுதியிருக்கிறார். எந்த முறை எல்லா முழு எண்களுக்கும் பொருந்தும்? பெருக்கத் தெரிந்த எந்தப் பெரியவருக்கும் 875 என்ற விடை தெரியும். மூன்றாமவர் வழி ஏன் சரி என்று நின்ற இடத்தில் சொல்வது ஆசிரியரின் தொழில் அறிவு. இப்படிப்பட்ட கேள்விகளில் நன்றாகச் செய்த ஆசிரியர்களின் மாணவர்கள் கணிதத்தில் கூடுதலாக முன்னேறியதை 2005இல் காட்டினார்கள். அந்தக் கருத்தைக் கேட்கும்போதே, நாளைக் காலை வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. புகழ்பெற்ற எல்லாக் கருத்துகளைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

சரி, நாலாவது வகைக்கு வருவோம். படித்து வெளியே போனவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள்? நேர்மையான கேள்வி இதுதான். பதில்தான் வழுக்குகிறது.

ஃபின்லாந்து 1970களில் ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவந்தது. 1979 முதல் முதுகலைப் பட்டத்தை அடிப்படைத் தகுதியாக்கியது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் பாடம் நடத்திப் பழகுகிறார்கள். பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வில் அந்த நாடு மேலே நின்றபோது உலகத்துக் கல்வியியல் துறைகளெல்லாம் யாத்திரை போல அங்கே போய்வந்தன. கணிதத்தில் 2003இல் 544 புள்ளிகள். 2022இல் 484. இடைப்பட்ட காலத்தில் முதுகலைத் தகுதியும் பயிற்சிப் பள்ளிகளும் எங்கும் போய்விடவில்லை. மதிப்பெண் ஏறியபோது பெருமையை ஆசிரியர் பயிற்சிக்கே கொடுத்தவர்கள், இறங்கியபோது அதே வேகத்தில் பழியையும் அதன்மேல் போட்டிருக்க வேண்டும். இரண்டும் தவறு. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் வீடு, கைபேசி, குடிபெயர்வு, அரசின் செலவு என்று எத்தனையோ கலந்திருக்கிறது.

இதைப் புள்ளியியலால் பிரித்தெடுத்துவிடலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் சில முயன்றன. எந்தத் துறையில் பயின்ற ஆசிரியரின் மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று கணக்கிட்டுத் துறைகளை வரிசைப்படுத்துவது திட்டம். ஆறு மாநிலங்களின் கணக்கை 2018இல் மறுபடி அலசிய ஓர் ஆய்வு, துறைகளுக்கு இடையில் தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி தற்செயல் இரைச்சல் என்று காட்டியது. ‘எங்கள் பட்டதாரிகளின் மாணவர்கள் மாநிலத்திலேயே இரண்டாமிடம்’ என்று ஒரு செய்தி வந்தால், அதையும் தரவரிசை இருக்கும் குப்பைக்கூடையிலேயே போடலாம்.

அப்படியானால் பார்க்க என்ன மிச்சம்? துறைகளுக்கு இடையில் தேடிக் கிடைக்காத வித்தியாசம் பயிற்சிக் காலத்தில் கிடைக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்றின்படி, பயிற்சி பெற்ற பள்ளியில் இருந்தது போன்ற பின்னணி கொண்ட மாணவர்களுக்குப் பின்னாளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடுதலாகச் சாதிக்கிறார்கள். டென்னஸ்ஸியில் நடந்த ஆய்வு, வழிகாட்டி ஆசிரியர் நன்றாகக் கற்பிப்பவராக இருந்தால் அவரிடம் பழகியவரும் நன்றாகக் கற்பிக்கிறார் என்று கண்டது. பாட்டிமார் அறிந்த விஷயம்தான், ஆனால் எத்தனை துறைகள் வழிகாட்டி ஆசிரியரை அப்படித் தேடிப் பிடிக்கின்றன? ‘உங்களுக்கு வசதியான பள்ளியில் கடிதம் வாங்கி வாருங்கள்’ என்று பயிற்சி மாணவரிடமே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. 2003இல் தொடங்கிய பாஸ்டன் ஆசிரியர் ரெசிடென்சி என்ற பயிற்சியில், ஒரு முழு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பிலேயே இருந்து பழக வேண்டும். 2012இல் வெளிவந்த மதிப்பீடு சுவையானது. இவர்களில் 75 சதவீதத்தினர் ஐந்தாம் ஆண்டிலும் அந்த மாவட்டப் பள்ளிகளில் இருந்தார்கள். மற்றப் புதிய ஆசிரியர்களில் 51 சதவீதம்தான். ஆனால் கணிதத்தில், தொடக்கத்தில் இவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். நாலாம், ஐந்தாம் ஆண்டில்தான் முந்தினார்கள். முதல் ஆண்டோடு அறிக்கையை மூடியிருந்தால் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

இரண்டு துறைகள் என் முன்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பட்டியலில் மேலே, விருதுகள் நிறைய. பயிற்சிப் பள்ளியைப் பற்றிக் கேட்டால், ‘அது நிர்வாகப் பிரிவு பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். இன்னொன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் வழிகாட்டி ஆசிரியர்களை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், ஐந்தாவது ஆண்டில் எத்தனை பேர் இன்னும் வகுப்பறையில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடிகிறது. பி.எட். சேரும் பிள்ளையை யோசிக்காமல் இரண்டாவதற்கே அனுப்புவேன்.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கு நிதி முக்கியம், எந்தப் பேராசிரியர் என்பது அதைவிட முக்கியம். அவரும் சேருவதற்கு முன்னால், அந்தப் பேராசிரியரிடம் இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவரோடு அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது.