ஆங்கி: உளவியல் படிப்பவர்களுக்கு ஓர் அட்டைச் செயலி

தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதலாண்டு படிக்கிறேன். பகலெல்லாம் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வேலை. படிக்கக் கிடைப்பது பஸ்ஸில் போகும் நேரமும், கடையில் ஆள் வராத மதிய வேளையும்தான். அந்தத் துண்டு நேரங்களை எனக்குப் படிப்பாக மாற்றித் தந்தது ஆங்கி என்ற செயலி.

அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். எவ்வளவு சிரமப்பட்டு நினைவுக்கு வந்தது என்பதை நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்திச் சொன்னால், அந்த அட்டை மறுபடி என்றைக்கு வர வேண்டும் என்று செயலியே கணக்குப் போட்டுக்கொள்ளும். மறந்தது சில நிமிடங்களில் திரும்பி வரும். சுலபமாக வந்தது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். தமிழ் எழுத்துகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தெரிகின்றன.

இந்தக் கணக்கின் வேர் 1885-இல் இருக்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறந்தபின் அவற்றையே மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பின் 44 சதவீதம், ஒரு நாளைக்குப் பின் 34, ஒரு மாதத்துக்குப் பின் 21. மறதி முதலில் மளமளவென்று நடக்கிறது, பிறகு நிதானமாகிவிடுகிறது. சோதித்தவரும் சோதிக்கப்பட்டவரும் அவர் ஒருவரே என்பதால் எனக்கு முதலில் சந்தேகம்தான். 2015-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஏறக்குறைய அதே வளைகோட்டைப் பெற்றார்கள் என்று படித்தபோது நம்பிக்கை கூடியது. அதிலும் மனப்பாடம் செய்தவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்தே என் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் முக்கியமானது 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு. ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களும், ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் அதில் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்கள் முன்னே நின்றார்கள்: அவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் ‘நமக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்ற நம்பிக்கையும் அதிகம். ஆங்கியில் படிப்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுகிறேன். அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது.

ஆனால் அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பணி என்ன? நினைவு’ என்று பலரும் எழுதுகிறார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். மூளையைப் பற்றி ஒன்றும் விளங்காது. நான் ஹென்றி மொலைசன் என்ற நோயாளியை வைத்து எழுதினேன். 1953-இல், கடுமையான வலிப்பு நோய்க்காக, வில்லியம் ஸ்கோவில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அவருடைய மூளையில் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அகற்றினார். அதன்பின் நடந்த நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றைக் கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. முன்பு வரைந்த நினைவு மட்டும் அவருக்கு இல்லவே இல்லை.

இதிலிருந்து என் அட்டைகள்: கை கற்றுக்கொண்டதை மனிதர் அறியவில்லை என்றால் நினைவு ஒரே வகைதானா? ஒரு எண் வரிசையைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருக்க அவரால் முடிந்தது. அப்படியானால் எது சேதமடையவில்லை? ஒரே நோயாளியிடமிருந்து எவ்வளவு தூரம் முடிவுக்கு வரலாம்? இந்தக் கடைசி அட்டை வரும்போதெல்லாம் நான் யோசிக்கிறேன். விடையை இரண்டு முறை திருத்தி எழுதியும் இருக்கிறேன்.

மூளைப் படத்தில் பகுதிகளின் பெயர்களை மறைத்துக் கேட்கும் வசதியும் செயலிக்குள்ளேயே இருக்கிறது. மடல்களின் பெயரும் இடமும் பழக அது போதும்.

பிறர் செய்து இணையத்தில் வைத்திருக்கும் அட்டைக்கட்டுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். நான் இறக்கிய ஒன்றில், ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்’ என்ற கற்றல் பாணிகள் நிரூபிக்கப்பட்ட உண்மை என்று இருந்தது. அப்படி நிரூபிக்க வேண்டுமானால், இரு வகையினரிலும் பாதிப் பேருக்குப் படமும் பாதிப் பேருக்குப் பேச்சும் கொடுத்து, அவரவர் பாணியில் படித்தவர்களே மேலே வருகிறார்கள் என்று காட்ட வேண்டும். 2008-இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அத்தகைய சான்றைத் தேடினார்கள். போதுமான அளவு கிடைக்கவில்லை. தவறான அட்டையையும் இந்தச் செயலி அதே அக்கறையோடு உங்கள் நினைவில் பதித்துவிடும். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் சுமார் 25 டாலர். மாணவருக்கு அது அதிகம், கணினியோ இணையப் பக்கமோ போதும். திரையமைப்பு வறட்சியாக இருக்கிறது. அமைப்புகள் பக்கம் புதியவரை மிரட்டும். ஒன்றை மட்டும் உடனே மாற்றுங்கள்: நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று தொடக்கத்தில் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அதை எட்டாகக் குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மறுபார்வைக்கு வரும் அட்டைகள் மூன்றாம் வாரத்திலேயே மலைபோலக் குவிந்துவிடும்.