காட்ஃபாதருக்கு முன்னாடி வந்து அடிவாங்கின மாஃபியா படம்

மாஃபியா படம்னாலே எல்லாரும் 1972-ல வந்த 'காட்ஃபாதர்'ல இருந்துதான் கணக்க ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1968-ல, காட்ஃபாதர எடுத்த அதே பாராமவுண்ட் கம்பெனி கொண்டுவந்த 'தி பிரதர்ஹுட்' பத்தி கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. கிர்க் டக்ளஸ் நடிச்சு அவரே தயாரிச்ச படம், டைரக்‌ஷன் மார்ட்டின் ரிட். ஓடல. அந்த சூட்டுல தான் காட்ஃபாதர் கைக்கு வந்தப்போ எடுக்கலாமா வேணாமான்னு கம்பெனிக்காரங்க தயங்கினாங்களாம்!

கதை ரொம்ப சிம்பிள். அண்ணன் பிராங்க் பழைய சிசிலி ஆளு, தம்பி வின்ஸ் படிச்சவன், கூட்டாளிங்க எலக்ட்ரானிக்ஸ் பிஸினஸ்ல பணத்தப் போடலாம்ங்கிறாங்க, அண்ணன் முடியவே முடியாதுங்கிறாரு, அப்பாவைக் காட்டிக்கொடுத்தது யாருங்கிற பழைய கணக்கு வேற நடுவுல வந்து நிக்குது, அதுவும் தம்பியோட மாமனார் பக்கமே. அதுக்கு மேல சொன்னா கிளைமாக்ஸ் போயிடும்.

டக்ளஸுக்கு அடர்த்தியா ஒரு மீசை, அதோட அவரு சிரிக்கிறப்போ நம்ம ஊட்டு பெரியப்பா மாதிரியே இருக்காரு, அடுத்த சீன்லயே அதே ஆளு கொல பண்றப்போ வயித்தக் கலக்குது. கேமரா போரிஸ் காஃப்மன், 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்'டுக்கு ஆஸ்கர் வாங்கினவரு. சிசிலி காட்சிங்களுக்காகவே ரெண்டாவது தடவ பாக்கலாம். தம்பியா வர்ற அலெக்ஸ் கார்ட் மட்டும் நடிப்புல கொஞ்சம் மரக்கட்டை, நடுவுல இழுவையும் இருக்கு.

சரி, பழைய சினிமா பொருள் சேக்கிறவங்க இந்தப் படத்த ஏன் தேடுறாங்க? போஸ்டருக்காக. அண்ணனும் தம்பியும் வாயோட வாய் வெச்சு முத்தம் குடுக்கிற படம், அதாவது சாகப்போறவனுக்கு மாஃபியா குடுக்கிற மரண முத்தம், அந்தக் காலத்துல அதையே விளம்பரமா போட்டிருக்காங்கன்னா தைரியம்தான்.

வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஒரிஜினல் ஒன்-ஷீட், அதாவது அமெரிக்கத் தியேட்டர்ல ஒட்டுற வழக்கமான சைஸ் போஸ்டர், 27க்கு 41 இன்ச். அப்போ தியேட்டருக்கு மடிச்சுதான் அனுப்புவாங்க, அதனால மடிப்புக் கோடு இருந்தா அது குறை இல்ல, இல்லாட்டிதான் சந்தேகப்படணும். கீழ் ஓரத்துல பொடி எழுத்துல நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்ங்கிற, தியேட்டருங்களுக்கு போஸ்டர் அனுப்பின கம்பெனியோட நம்பர் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் வருஷம். இதெல்லாம் தெரியாம நான் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 'ஒரிஜினல்'னு வாங்கி பிரிச்சுப் பாத்தா பளபளன்னு ஒரு மடிப்பு இல்லாம 24க்கு 36, வெறும் நகல்! சுருட்டி பீரோ மேல வெச்சிருக்கேன், படத்த மட்டும் திரும்பத் திரும்ப பாத்துட்டு இருக்கேன்.