பீமுக்கு அடியில் ஸ்டீல் பிளேட் ஒட்டுகிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் தட்டிப் பாருங்கள்

விரிசல் விட்ட பீமைப் பலப்படுத்துவதாகச் சொல்லி ஒப்பந்ததாரர் முடித்துக் கொடுத்த வேலை இது. பெயிண்ட் பளபளத்தது. சுத்தியலால் தட்டினால் பாதி நீளத்துக்கு உள்ளே காலியாக இருக்கும் சத்தம். ஒரு பிளேட்டைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. கான்கிரீட்டில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. எபாக்ஸி என்ற இரு பாகப் பசையை நடுவில் மட்டும் அங்கங்கே அப்பியிருந்தார்கள். பில்லில் 6 மி.மீ. பிளேட், அளந்தால் 4 மி.மீ.

தடிமனில் ஏமாறாமலிருக்க எடை போடுங்கள். 200 மி.மீ. அகலமுள்ள 6 மி.மீ. பிளேட் மீட்டருக்கு 9.4 கிலோ இருக்கும். 4 மி.மீ. என்றால் 6.3 கிலோதான்.

பீமின் பூச்சையும், மேலே படிந்திருக்கும் பலமில்லாத சிமென்ட் படலத்தையும் கிரைண்டரால் எடுத்து, ஜல்லி தெரியும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிளேட்டின் ஒட்டும் பக்கத்தை பிளாஸ்டிங் (மணல் போன்ற துகளை வேகமாகப் பீச்சித் துருவை நீக்குவது) செய்து, மறுபடி துரு ஏறுமுன் அன்றைக்கே ஒட்ட வேண்டும். எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் கண்ணளவில் கலந்தால் அது சரியாக இறுகவே இறுகாது. இரு ஓரங்களிலும் பசை பிதுங்கும்வரை அழுத்தி, இறுகும்வரை அடியில் கொடுத்த முட்டுக்கட்டைகளை எடுக்கக் கூடாது.

ஜாக்கி வைத்துச் சுமையைக் குறைக்காமல் ஒட்டினால், ஏற்கெனவே இருக்கும் பாரம் பழைய கம்பியிலேயே நிற்கும். பிளேட்டுக்குப் போவது இனி ஏறும் சுமை மட்டுமே. இதைச் சொல்லாமலே பணம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

பிளேட் முதலில் உரிவது முனைகளில்தான். அதனால் அங்கே கான்கிரீட்டில் துளையிட்டு இறுக்கும் ஆங்கர் போல்ட் அவசியம். ஆனால் கம்பி எங்கே ஓடுகிறதென்று கருவி வைத்துப் பார்க்காமல் டிரில் போட்டால் மெயின் கம்பியே அறுபடலாம். ஒட்டி முடித்த பிளேட்டில் வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். அந்தச் சூட்டில் எபாக்ஸி கெட்டு ஒட்டு விட்டுவிடும். தீப்பிடித்தாலும் இதே கதிதான் என்பதால், பிளேட் இல்லாமலேயே பீம் அப்போதைக்குத் தாங்குமா என்று பொறியாளர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

தூணை ஒட்டிச் சாய்வாக விரிசல் இருந்தால் அடிப்பக்க பிளேட் உதவாது, பக்கவாட்டில் பலப்படுத்த வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் பிளேட் ஒட்டவே விடாதீர்கள். துரு உப்பி, கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டோடு பிளேட்டையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

இறுகிய பிறகு முழு நீளத்தையும் தட்டி, காலிச் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். சின்ன இடைவெளி என்றால் எபாக்ஸி ஊசி போட்டு நிரப்பலாம். பெரிதாக இருந்தால் கழற்றி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணை அதற்குப் பிறகுதான்.