ஆன்டாசிட், ஃபமோடிடின், ஒமெப்ரசோல்: எந்த நெஞ்செரிச்சலுக்கு எது?

நெஞ்செரிச்சல் மருந்துகளில் எது வலிமையானது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எரிச்சல் எப்போது வருகிறது, வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்துவிட்டு மருந்தைத் தேடுவதே சரி.

எப்போதாவது வந்து போகும் எரிச்சலுக்கு ஆன்டாசிட் போதும். ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை அது முறிப்பதால் சில நிமிடங்களிலேயே இதமாக இருக்கும். ஆனால் அந்தப் பலன் நெடுநேரம் நிற்காது. ஆன்டாசிடில் உள்ள மக்னீசியம் வயிற்றுப்போக்கையும், அலுமினியம் மலச்சிக்கலையும் உண்டாக்கும் என்பதால்தான் பல தயாரிப்புகளில் இரண்டையும் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரைகளையும் ஆன்டாசிடையும் ஒரே வேளையில் விழுங்கினால் அந்த மாத்திரைகள் உடலில் சரியாகச் சேராது.

ஃபமோடிடின், அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளின் தூண்டலைத் தடுத்து அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. பலன் தெரிய ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். இரவு முழுக்கத் தாங்கும். தினமும் எடுத்தால் ஓரிரு வாரங்களிலேயே உடல் பழகி, பலன் மங்கிவிடுகிறது. இதே குடும்பத்து ரானிடிடினை, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற மாசு காரணமாக 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னார்கள். அதற்காக ஃபமோடிடினையும் ஒதுக்குவது நியாயமில்லை.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகைதான் மூன்றிலும் ஆற்றல் மிக்கது. தவறாக அதிகம் பயன்படுவதும் இதுவே. இது இரைப்பைச் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளையே முடக்குகிறது. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் முடக்க முடியும்; பம்புகளை இயக்கிவிடுவது உணவு. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கச் சொல்கிறார்கள். முழுப் பலன் கிடைக்கச் சில நாட்கள் ஆகும். எரியும் நேரத்தில் மட்டும் ஒன்றை விழுங்கிவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றுவதில் ஃபமோடிடின் இதனிடம் தோற்றுவிடும். ஒமெப்ரசோல் வகையைப் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்கள் எடுத்தால் போதும். காரணமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மக்னீசியம் குறையக்கூடும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரக்கலாம். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் மாத்திரைக்கே போகிறார்கள். படிப்படியாகக் குறைப்பது நல்லது. ஆனால் ஒருமுறை இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்து, இன்னமும் ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இது கவசம். அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

அமிலச் சுரப்பைக் குறைக்கப் புதிதாக வந்த வொனொபிரசான் என்ற மருந்து உணவு நேரத்துக்குக் காத்திருப்பதில்லை, விரைவாகவும் வேலை செய்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம் மட்டும் ஒமெப்ரசோலுக்கு உள்ள அளவு இதற்கு இல்லை.

விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மாத்திரைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அதை வாயு என்று நினைக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.