சர்வே செய்து சேர்த்த மைலுக்கு வரி உண்டா? மைல், கிஃப்ட் கார்டு, குலுக்கல்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் ஓய்வு நேரத்தில் ஆன்லைன் சர்வே நிரப்புகிறவர்களுக்குக் கூலி பல உருவங்களில் வருகிறது. யுனைடெட் ஏர்லைன்ஸின் மைலேஜ்பிளஸ் திட்ட உறுப்பினர்களுக்கான ஒப்பீனியன் மைல்ஸ் கிளப் போன்ற இடங்களில் விமான மைல் தருவார்கள், அதாவது சேர்த்து வைத்து டிக்கெட்டாக மாற்றக்கூடிய பாயின்ட். வேறு தளங்களில் கிஃப்ட் கார்டு, அல்லது பேபால் வழியாகப் பணம். இன்னும் சிலவற்றில் குலுக்கலில் ஒரு நுழைவு மட்டும்தான். இவற்றில் எதை எடுப்பது என்ற பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், "மைலுக்கு வரி கிடையாது, அதனால் மைலாகவே வாங்கிக்கொள்" என்பார். வரி கிடையாத மைல்கள் இருப்பது உண்மைதான். ஆனால் சர்வேயில் வரும் மைல் அந்தக் கூட்டத்தில் சேராது.

வரி கிடையாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு இடங்களைச் சொல்லலாம். முதலாவது கிரெடிட் கார்டு. கார்டில் 100 டாலருக்குப் பொருள் வாங்கி, 2 டாலர் மதிப்புக்கு மைலோ பணமோ திரும்பி வந்தால், அந்தப் பொருளை 98 டாலருக்கு வாங்கியதாகத்தான் கணக்கு. அது தள்ளுபடி, வருமானம் இல்லை. இந்தத் தர்க்கத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று 2021-இல் வரி நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கே வந்தது. ஒரு தம்பதி கேஷ்பேக் கார்டில் விசா கிஃப்ட் கார்டுகளாக வாங்கிக் குவித்து, அவற்றை மணி ஆர்டராக மாற்றி, அதை வங்கியில் போட்டு, கார்டு பில்லைக் கட்டி, இரண்டே ஆண்டுகளில் 3 லட்சம் டாலருக்கு மேல் கேஷ்பேக் எடுத்துவிட்டார்கள். கிஃப்ட் கார்டு வாங்கியதற்கு வந்த கேஷ்பேக்குக்கு வரி இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் கார்டைக் கொண்டு நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதற்கும், பணம் ஏற்றும் கார்டை நிரப்பியதற்கும் வந்த பகுதிக்கு வரி கட்டச் சொல்லிவிட்டது. அங்கே பொருள் எதுவும் வாங்கப்படவில்லை, பணத்துக்குப் பணம் மாறியது, அவ்வளவுதான். வாங்கிய பொருளே இல்லாதபோது தள்ளுபடி எதிலிருந்து?

இரண்டாவது, அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2002-இல் வெளியிட்ட 2002-18 என்ற எண்ணுள்ள அறிவிப்பு. அலுவலக வேலையாகப் பறந்து சேர்த்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் வரி கேட்க மாட்டோம் என்றது அது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அறிவிப்பில், மைலைப் பணமாக மாற்றினாலோ, கூலியாகவே மைல் கொடுக்கப்பட்டாலோ இந்தச் சலுகை இல்லை என்றும் இருக்கிறது.

இப்போது சர்வேயைப் பாருங்கள். எதையும் வாங்கவில்லை, எங்கும் பறக்கவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னோம், அதற்கு மைல் கிடைத்தது. வேலைக்குப் பணத்துக்குப் பதில் வேறு எதைக் கொடுத்தாலும் அதன் சந்தை மதிப்பு வருமானம் என்பது வரி விதிகளில் வெகு நாளாக உள்ள ஏற்பாடு. இதற்கு நெருங்கிய உறவான வங்கி போனஸிலும் அதே கதைதான். கணக்கு தொடங்கியதற்காக சிட்டிபேங்க் கொடுத்த 50,000 பாயின்ட்டை ஒருவர் விமான டிக்கெட்டாக மாற்றினார். டிக்கெட்டின் மதிப்பு 668 டாலர் என்று வங்கி 1099 படிவம் (கொடுத்த தொகையை வாங்கியவருக்கும் ஐ.ஆர்.எஸ்.-க்கும் தெரிவிக்கும் படிவம்) அனுப்பியது. வழக்கு 2014-இல் முடிந்தபோது, பணத்தை வங்கியில் வைத்ததற்குக் கிடைத்த பலன் என்பதால் அது வட்டி மாதிரிதான் என்று சொல்லி, 668 டாலரையும் வருமானத்தில் சேர்த்தது நீதிமன்றம்.

ஆக, வரி உண்டா இல்லையா என்ற கேள்வியில் சர்வே மைலும் சர்வே கிஃப்ட் கார்டும் சமம்தான். வித்தியாசம் எவ்வளவுக்கு வரி, எந்த ஆண்டில் வரி என்ற இரண்டில் இருக்கிறது.

மதிப்புப் போடும் தலைவலி

25 டாலர் கிஃப்ட் கார்டு வந்தால் வருமானம் 25 டாலர். பேபாலில் 10 டாலர் வந்தால் 10 டாலர். இதில் பேச ஒன்றுமில்லை.

மைலுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. விமான நிறுவனம் தானே மைல் விற்கும் விலை ஒன்று, அதைக் கொடுத்து வாங்கும் டிக்கெட்டில் உண்மையில் கிடைக்கும் மதிப்பு வேறொன்று. பெரும்பாலும் முதலாவது கூடுதலாகவே இருக்கும். 2012 தொடக்கத்தில் சிட்டிபேங்க் தன் வாடிக்கையாளர்களுக்கு போனஸ் மைலுக்காக 1099 அனுப்பியபோது ஒரு மைலுக்கு 2.5 சென்ட் என்று மதிப்புப் போட்டிருந்தது, பலர் கொதித்துப் போனார்கள். மேலே சொன்ன வழக்கில் 50,000 பாயின்ட்டுக்கு 668 டாலர் என்றால் ஒரு பாயின்ட் சுமார் 1.3 சென்ட்தான். அது பாயின்ட், இது மைல் என்றாலும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதையே கையிலுள்ள எண்ணில் பார்ப்போம். ஒரு வருடத்தில் சர்வேயில் 10,000 மைல் சேர்ந்தது, உங்கள் வரி விகிதம் 22% என்று வைத்துக்கொள்வோம். 1.3 சென்ட் கணக்கில் வருமானம் 130 டாலர், வரி 28.60 டாலர். 2.5 சென்ட் கணக்கில் வருமானம் 250 டாலர், வரி 55 டாலர். இந்த வரியை மைலில் கட்ட முடியாது, சொந்தப் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிஃப்ட் கார்டு வாங்கியவருக்கும் அதே நிலைதான் என்றாலும், அவர் கையிலுள்ளது நாளைக்கே செலவழிக்கக்கூடியது. மைல் அப்படியில்லை. இன்று 25,000 மைலுக்குக் கிடைக்கும் டிக்கெட்டுக்கு அடுத்த வருடம் 32,000 கேட்டால் தடுக்க ஆளில்லை. வரி மட்டும் பழைய மதிப்பில் கட்டியாகிவிட்டது.

மைலுக்கு மதிப்பு போட நான் சொல்லும் வழி இது: அந்த வருடத்தில் நீங்கள் வழக்கமாகப் போகும் ஒரு பயணத்துக்கு டிக்கெட் விலை என்ன, அதே இருக்கைக்கு எத்தனை மைல் கேட்கிறார்கள் என்று பார்த்து, மைலோடு தனியாகக் கட்ட வேண்டிய கட்டணத்தை விலையில் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளமே 1099-இல் ஒரு தொகை போட்டு அனுப்பியிருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் உங்கள் எண்ணை எழுதாதீர்கள். ஐ.ஆர்.எஸ். கணினி இரண்டையும் ஒப்பிடும், கடிதம் வரும். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் முதலில் அனுப்பியவரிடமே திருத்தக் கேட்க வேண்டும்.

எந்த வருடத்துக் கணக்கு என்பதிலும் மைல் கொஞ்சம் சிக்கல் பிடித்தது. சர்வே தளத்தில் பாயின்ட்டாகக் கிடக்கிறது, பிறகு விமானக் கணக்குக்குப் போகிறது, அப்புறம் டிக்கெட்டாகிறது. மூன்றும் மூன்று வருடங்களில் நடக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடக்கும் பணம் கைக்கு வந்த மாதிரிதான் என்பது பொது விதி. ஆகவே குறைந்தபட்ச வரம்பைத் தாண்டி, எடுக்கத் தயாராக இருக்கும் பாயின்ட்டை டிசம்பரில் எடுக்காமல் ஜனவரிக்குத் தள்ளுவதால் வரியும் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

படிவம் வராவிட்டால்?

2025 வரை கொடுக்கப்பட்டவற்றுக்கு ஒரு வருடத்தில் 600 டாலரை எட்டினால் 1099 அனுப்ப வேண்டும் என்று இருந்தது. 2026 முதல் அந்த வரம்பு 2,000 டாலர். இது அனுப்புகிறவருக்கான வரம்பு. படிவம் வரவில்லை என்பதற்காக வருமானம் வரியிலிருந்து தப்பிவிடாது, 40 டாலரானாலும் ரிட்டர்னில் எழுதவேண்டியதுதான். இந்த விஷயத்தில் மைலுக்கும் கிஃப்ட் கார்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

எப்போதாவது நிரப்புகிறவர் இதை ரிட்டர்னோடு இணைக்கும் ஷெட்யூல் 1 என்ற படிவத்தில் இதர வருமானமாகக் காட்டினால் போதும். செலவு எதையும் கழிக்க முடியாது. தினமும் மணிக்கணக்காக, லாபம் பார்க்கும் நோக்கத்தோடு செய்கிறவருக்கு அது தொழில். தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி-யில் இணையக் கட்டணத்தில் ஒரு பங்கு போன்ற செலவுகளைக் கழிக்கலாம், ஆனால் நிகர லாபம் 400 டாலரை எட்டினால் 15.3% சுயதொழில் வரியும் கூடவே வரும். அந்த 400 என்பது எல்லாச் சுயதொழிலையும் சேர்த்து. வார இறுதியில் ஊபர் ஓட்டுகிறவர் சர்வே லாபத்தையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

குலுக்கல்

குலுக்கல் நுழைவை மட்டும் கூலியாகத் தரும் சர்வேயில் வரி என்ற பேச்சே பெரும்பாலும் எழாது, ஏனென்றால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது! கிடைத்துவிட்டால் கதை மாறும். பரிசு வருமானம்தான், அதிலும் பயணப் பரிசு பெரிய தொகையாக நிற்கும்.

இதில் ஒரு பழைய வழக்கு சுவாரசியமானது. 1948-இல் வானொலிப் போட்டி ஒன்றில் ஒருவருக்கு நியூயார்க்கிலிருந்து பியூனஸ் ஐரிஸ் போய்வர இரண்டு முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. டிக்கெட்டின் விலை 2,220 டாலர். சாதாரணச் சம்பளக்காரர், அப்படியொரு சொகுசுப் பயணத்துக்குச் சொந்தப் பணத்தில் அவர் ஒருநாளும் போயிருக்க மாட்டார். ரிட்டர்னில் 520 டாலர் என்று எழுதினார். அரசு முழு விலையையும் கேட்டது. 1954-இல் நீதிமன்றம் இரண்டுக்கும் நடுவே 1,400 டாலர் என்று முடிவு செய்தது. கடை விலையே கடைசி வார்த்தை இல்லை, பெறுகிறவருக்கு அது எவ்வளவு பெறும் என்பதற்கும் இடமுண்டு என்று வாதாட இன்றும் இந்த வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் 130 டாலர் மைலுக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை.

சரி, எதை எடுப்பது? வரிக் கோணத்தில் என் ஓட்டு கிஃப்ட் கார்டுக்கு, அதைவிடப் பேபால் பணத்துக்கு. மைல் எடுக்க நியாயமான காரணம் இரண்டு உண்டு. ஒன்று, குறிப்பிட்ட டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் மைல்தான் குறைகிறது, அதை விலை கொடுத்து வாங்குவதைவிட சர்வே மலிவு. மற்றொன்று, கணக்கை உயிரோடு வைத்திருப்பது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம் வரவோ செலவோ இல்லாத கணக்கின் மைல் பொதுவாகக் காலாவதியாகிவிடும். அங்கே 40,000 மைல் தூங்கிக்கொண்டிருந்தால், ஒரு சின்ன சர்வேயில் வரும் சில மைல்களே அத்தனையையும் காப்பாற்றிவிடும், வரியோ சில காசுகள். யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதி கிடையாது என்பதால் அங்கே இந்த வாதம் எடுபடாது.

நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது, வீட்டில் எத்தனை பேர், என்ன கார் என்று பத்துக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, "இந்த சர்வேக்கு நீங்கள் பொருந்தவில்லை" என்று திரை மாறும். ஆறுதலாக ஐந்து மைல் வந்தாலும் வரும். அந்த ஐந்தும் சட்டப்படி வருமானமே.

விசாவில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இதில் இன்னொரு பக்கம் உண்டு. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), வேலை அனுமதி இல்லாத எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்தார்) ஆகிய விசாக்களில் அனுமதிக்கு வெளியே கூலிக்கு வேலை செய்வது குடிவரவுச் சட்டத்தில் பிரச்சினை. எப்போதாவது நிரப்பும் சர்வே அதில் வருமா என்பது வாதத்துக்குரியது, ஆனால் ஷெட்யூல் சி போட்டு சுயதொழில் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு வாதாட அதிகம் மிஞ்சாது. வரி கட்டிவிட்டேன் என்பதும் அங்கே அனுமதி ஆகாது. படிப்பு விசாவில் வந்த மாணவர்கள் முதல் 5 காலண்டர் ஆண்டுகள் பொதுவாக, வரிக் கணக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படுவோருக்கான 1040-என்.ஆர். படிவத்தில்தான் கணக்குக் காட்டுவார்கள், அதற்கு விதிகளும் வேறு. இந்த நிலையில் இருப்பவர்கள் மைலா கார்டா என்று யோசிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும், கல்லூரியில் படிப்பவர்கள் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்டுவிடுவது நல்லது.