நாற்பது மெயில் ஃபில்டர்கள் பதினொன்றான கதை

வருகிற மெயில்களைத் தானாகப் பிரித்து வைக்கும் விதிகளை, அதாவது ஃபில்டர்களைப் போட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. சொந்தக் கணக்கு ஜிமெயில், வேலைக் கணக்கு அவுட்லுக். ஒரு கட்டத்தில் இரண்டிலும் சேர்த்து நாற்பது விதிகளுக்கு மேல் இருந்தன. இப்போது பதினொன்று. குறைத்த பிறகுதான் மெயில்கள் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போகின்றன.

முதலில் எல்லோரையும் போல நானும் சப்ஜெக்டில் ஒரு சொல்லைப் பிடித்துத்தான் விதி போட்டேன். ‘இன்வாய்ஸ்’ என்று இருந்தால் ‘கணக்கு’ லேபிள் ஒட்டு, இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறித்துவிடு. ஒரு வருடம் அருமையாக ஓடியது. பிறகு நான் அனுப்பிய ஒரு இன்வாய்ஸுக்கு வாடிக்கையாளர் பதில் போட்டிருக்கிறார்: வங்கிக் கணக்கு எண் தப்பு, திருத்தி அனுப்புங்கள் என்று. பதில் மெயில் என்பதால் சப்ஜெக்டில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. ஃபில்டர் சொன்ன பேச்சு கேட்டு அதை ஒளித்து வைத்துவிட்டது. பணம் வரவில்லையே என்று மூன்று வாரம் அந்த மனிதர்மேல் கோபமாக இருந்தேன். நினைவூட்டி எழுதினேன், அதற்கு அவர் போட்ட பதிலும் அதே குழியில்தான் விழுந்தது.

அன்றிலிருந்து ‘இன்பாக்ஸில் காட்டாதே’, ‘படித்ததாகக் குறி’ இரண்டையும் ஒரே விதியில் சேர்ப்பதில்லை. படிக்காத மெயில் என்றால் லேபிளுக்குப் பக்கத்தில் எண் தடிமனாக நிற்கும். கண்ணில் பட அதுவே போதும்.

சப்ஜெக்டை நம்புவதையும் விட்டுவிட்டேன். அது மனிதர்கள் எழுதுவது, எப்படி வேண்டுமானாலும் மாறும். செய்திமடல், குழு மெயில் போன்றவற்றின் தலைப்பகுதியில் (சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்ப விவரங்கள்) பெரும்பாலும் ‘லிஸ்ட்-ஐடி’ என்று, எந்த மடல் அல்லது குழு என்பதைச் சொல்லும் ஒரு வரி ஒளிந்திருக்கும். 2001-லேயே தரப்படுத்தப்பட்ட விஷயம் இது. அனுப்புகிறவரின் பெயர் மாறினாலும் இந்த வரி பொதுவாக மாறாது. ஜிமெயிலில் அப்படி ஒரு மெயிலைத் திறந்து, ‘இதுபோன்ற மெயில்களை ஃபில்டர் செய்’ என்று கொடுத்தால் அந்த அடையாளத்தை அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். எனக்கு ஒரு தடவைகூடத் தப்பாத விதிகள் இவைதான்.

புதுத் தளங்களில் பதிவு செய்யும்போது ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கிறேன். மெயில் வழக்கம்போல வந்துவிடும். எந்த முகவரிக்கு வந்தது என்பதை வைத்துப் பிரிக்கலாம். சில தளங்கள் கூட்டல் குறியைப் பார்த்ததும் ‘முகவரி செல்லாது’ என்று அடம்பிடிக்கும். அவற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை.

என்னை அதிகம் குழப்பியது வரிசை. அவுட்லுக்கில் விதிகள் மேலிருந்து கீழாக ஓடும். ‘இதற்குமேல் விதிகளைப் பார்க்காதே’ என்று ஒரு டிக் உண்டு. அதனால் மேலாளரிடமிருந்து வருவதை முதல் விதியில் பிடித்து, அங்கேயே நிறுத்திவிடலாம். அதே பழக்கத்தில் ஜிமெயிலிலும் செய்யப் பார்த்து ஏமாந்தேன். அங்கே வரிசை கிடையாது, பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். விலக்கு வேண்டுமென்றால் அந்தந்த ஃபில்டருக்குள்ளேயே ‘இவர் அனுப்பியது தவிர’ என்று எழுத வேண்டும். பாதிக் குழப்பம் இதனால்தான் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நடுவில் கணினியில் மெயில் படிக்க உதவும் தண்டர்பேர்டும் பயன்படுத்தினேன். நல்ல மென்பொருள், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதன் ஃபில்டர்கள் கணினியில் அது திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். கணினியை மூடிவிட்டுப் போனால் போனில் எல்லாம் பிரிக்கப்படாமல் கொட்டிக் கிடக்கும். போனில் மெயில் பார்க்கிறவர்கள் மெயில் சேவையின் சர்வரிலேயே ஓடுகிற விதிகளைப் போட்டுக்கொள்வது நல்லது.

‘ஸ்பாமுக்கு அனுப்பாதே’ என்பதை நான்கே முகவரிகளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஜிமெயில் ஸ்பாமில் விழுந்தவை 30 நாளில் அழிந்துவிடும் என்பதால் அந்த நான்கும் அவசியம். முழு டொமைனுக்கும் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) கொடுக்க மாட்டேன். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இப்போது எந்த ஃபில்டரையும் சேமிப்பதற்கு முன், அதே நிபந்தனையை வைத்துப் பழைய மெயில்களில் தேடிப் பார்க்கிறேன். இரண்டு பக்கம் உருட்டினாலே வரக்கூடாத ஒன்று எட்டிப் பார்க்கும். ஜிமெயில் ஃபில்டர்களை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

பயண டிக்கெட் மெயில்களை மட்டும் இன்றுவரை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகவரி, ஒரு புதுச் சப்ஜெக்ட். அதற்காகப் போட்ட ஆறு விதிகளையும் போன மாதம் தூக்கிவிட்டேன். வருவது இன்பாக்ஸிலேயே கிடக்கட்டும், நட்சத்திரம் மட்டும் கையால் போட்டுக்கொள்கிறேன்.